வேனில் ஏறிய ஒன்றியம்

நான் ஒரு போராட்டத்தின் செயலாளராக இருந்திருக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். உம்மா மட்டும் சிரிப்பதில்லை. செயலாளர் என்றால் ஏதோ அரசாங்க உத்தியோகம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தப் போகவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கொழும்பில் உள்ளவர்களுக்குக் கரையோர மக்கள்மீது திடீரென்று ஒரு பாசம் வந்தது. அந்தப் பாசம் தாங்காமல் ஒரு தனியார் நூதனசாலை, அதாவது அருங்காட்சியகம், எங்கள் பக்கம் வந்து கலைஞர்களைத் தேடியது. அகப்பட்டவர்கள் நான்கு பேர். தில்லையடியில் பனையோலைப் பாய் இழைக்கும் அக்கா ஒருவர், எங்கள் பேச்சில் ராத்தா. கற்பிட்டிப் பக்கத்தில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பூவும் மீனும் எழுத்தும் தீட்டும் மூத்தவர் ஒருவர், அவரை நானா என்போம். சிலாபத்துக்கு வடக்கே ஒரு கரையூரில் கோயில்களுக்குச் சொரூபம் செதுக்கும் கத்தோலிக்க அண்ணன் ஒருவர். நாலாவது ஆள் நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மன்னாரிலிருந்து வெளியேறி வந்த குடும்பம் எங்களுடையது. வாப்பா உப்பளத்தில் கூலி. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை அடிமுதல் நுனிவரை பார்த்த முதல் ஆள் நான்தான். அதோடு நில்லாமல் கெம்பஸுக்குப் போய் ஓவியமும் படித்தேன். "படம் கீறவும் படிக்கணுமா?" என்று வாப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார். நான் அவருக்கு அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை.

கண்காட்சி திறப்பு விழாவுக்கு நாங்கள் நால்வரும் போயிருந்தோம். மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டு ஒன்றை அந்த வெக்கையில் போட்டிருந்தேன். முன்வாசலில் நின்ற காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாமான் இறக்கும் பக்கவாசலைக் காட்டினான். கோட்டு போட்ட நானும் அந்த வழியாகத்தான் உள்ளே போனேன்.

உள்ளே கொழும்பு ஓவியர்கள் சிலரின் படங்களும் இருந்தன. அவற்றுக்குக் கீழே பெயர், பிறந்த ஊர், படித்த இடம், எல்லாம் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். எங்கள் பொருட்களுக்குக் கீழேயும் அட்டை இருந்தது. ராத்தாவின் பாய்க்கு, 'பாய். முஸ்லிம் பெண்.' நானா தீட்டிய பலகைக்கு, 'பழைய படகின் பகுதி.' அண்ணனின் சொரூபத்துக்கு, 'மாதா. நாட்டார் கலை.' உப்புப் பாத்தியில் வாப்பா குனிந்து நிற்பதை நான் எண்ணெய் வர்ணத்தில் வரைந்திருந்தேன். கெம்பஸில் அதற்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. அதற்குக் கீழே, 'உப்பளத் தொழிலாளி ஒருவரின் கைவண்ணம்.'

ராத்தா என் தோளுக்குப் பின்னால் நின்று அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"என்னயாவது பொம்பிளண்டு சரியாப் போட்டிருக்காங்க. ஒன்ட படிப்புக்கு என்ன நடந்த தம்பி?"

எனக்குக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் ஆத்திரத்தோடு சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "உப்பளத்துக் காசிலதான வளந்த? அவங்க என்ன பொய்யா எழுதிட்டாங்க?" என்றார். எனக்கு இன்னும் கூட ஆத்திரம் வந்தது. எங்கள் கலைஞர் ஒன்றியம் பிறந்தது அங்கேதான். நீதியின்மேல் உள்ள பற்றினால் பிறந்தது என்று அக்காலத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அது ஒரு பட்டதாரியின் ரோசத்தில் பிறந்தது.

வெளிநாடுகளில் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து நூதனசாலைகளை எதிர்த்து நின்ற செய்திகளைப் போனில் தேடித் தேடி வாசித்தேன். பெரிய பெரிய கட்டடங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பரவாயில்லை என்று முதல் கூட்டத்தை ராத்தா வீட்டு முன்மண்டபத்தில் கூட்டினேன். தலைவர், உபதலைவர், பொருளாளர், வாக்கெடுப்பு என்று ஒழுங்கு பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

"நாலு பேருக்கு என்ன வோட்டு?" என்றார் ராத்தா. "ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சா செவருட்டயா போய்க் கேக்கிற?"

"மஷூரா செய்வம்" என்றார் நானா.

மஷூரா என்பது பள்ளிவாசல் காரியங்களுக்குக் கூடிப் பேசும் முறை. ஒருவர் அமீராக இருப்பார். அவர் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்பார். கேட்கும்போது மட்டும்தான் வாய் திறக்கலாம். எல்லோரும் சொன்ன பிறகு அமீர் ஒரு முடிவைச் சொல்வார். அதற்குப் பிறகு எவரும் முணுமுணுக்கக் கூடாது. வயதில் மூத்தவர் என்பதால் நானா அமீரானார். அண்ணனுக்கு முறையை விளங்கப்படுத்தினோம். "சத்தமில்லாமக் கூட்டம் நடத்தலாமா? எங்கட கோயில் சபைக்கும் யாராவது வந்து சொல்லிக் குடுங்கப்பா" என்று அவர் ஆச்சரியப்பட்டார். முறைப்படி வாய் திறக்க முடியாமல் அந்தக் கூட்டத்தில் அதிகம் வேதனைப்பட்டவன் நான்தான்.

கோரிக்கைகள் நான்கு. படைப்புக்குக் கீழே படைத்தவரின் பெயர் இருக்கவேண்டும். முன்வாசலால் உள்ளே விடவேண்டும். கேட்காமல் எதையும் அச்சடித்து விற்கக் கூடாது. ராத்தாவின் பாய்க் கோலத்தை அவர்கள் துணிப்பைகளில் அச்சடித்திருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி கொழும்பிலிருந்து அப்படி ஒரு பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்தபோதுதான் தெரியவந்தது. நாலாவது, இரவல் வாங்கியதைச் சொன்ன காலத்தில் திருப்பித் தரவேண்டும்.

முதலாவது கோரிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதியவன் இப்போது ஒருவருடைய பெயரையும் எழுதாமல் இதை எழுதுகிறேன். ராத்தாவிடம் அனுமதி கேட்டேன். "நூதனசாலையில போடச் சொல்லு. ஒன்ட கதையில வேணாம். நீ என்ன எழுதுவண்டு யாருக்குத் தெரியும்?" என்றார். மற்ற இருவருக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

அன்றைய கூட்டத்தில் கடைசியாகத்தான் அண்ணனின் முறை வந்தது.

"எனக்குப் பேரும் வேணாம், முன்வாசலும் வேணாம்" என்றார். "மாதா வந்தாப் போதும்."

அந்தச் சொரூபத்தை அவர் தன் கரையூர் மீனவர்களுக்காகச் செதுக்கியிருந்தார். ஒவ்வொரு பருவத்திலும் தொழிலுக்கு இறங்குமுன் அதை ஒரு வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் கொண்டுபோவார்கள். அதன்பிறகுதான் வலை நனையும். திருநாளுக்கு முன் தந்துவிடுவோம் என்று சொல்லித்தான் நூதனசாலை வாங்கிப் போயிருந்தது. இப்போது, சனங்கள் விரும்பிப் பார்ப்பதால் கண்காட்சியை நீடித்திருக்கிறோம் என்கிறார்கள்.

"கரையில நாளும் பொழுதும் கேக்கிறாங்க, 'அம்மா கொழும்பில என்ன செய்றா?'ண்டு. நான் என்ன சொல்ற? 'நிக்கிறா'ண்டு சொல்றன்." அவர் சிரிக்கவில்லை. "கொடியேத்தம் கிட்ட வந்திட்டுது. இந்த முறை அவ வராட்டிக் கடையில ஒரு சாந்துச் சொரூபம் வாங்கிருவாங்க. வாங்கி ஒருக்காக் கடல்ல கொண்டுபோனா, அதுதான் பிறகு மாதா. என்ட கைக்கு அந்தக் கரையில வேலை இல்ல."

என் முதலாவது கோரிக்கை சட்டென்று சின்னதாகத் தெரிந்தது. ஆனாலும் அதை நான் நாலாவது இடத்துக்கு மாற்றவில்லை.

எங்களிடமும் ஒரு பிடி இருந்தது. அந்தக் கண்காட்சியின் அடுத்த கட்டம் வெளிநாடு போகிறது, ஆளுக்கொரு புதுப் படைப்புத் தாருங்கள் என்று நூதனசாலை கேட்டிருந்தது. செய்து முடித்த நாலையும் ராத்தா வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தோம். நானா முடிவு சொன்னார்: "மாதா வராம நம்மட வீட்டிலேருந்து ஒரு ஈர்க்கும் போகாது." கோரிக்கைகளை எழுதி அனுப்பினேன். பொறுப்பாயிருந்த மேடம் போன் எடுத்து, சனிக்கிழமை வேனோடு நேரிலேயே வந்து பேசுவதாகச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுவதும் அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று பேசிப் பழகினேன். உம்மா கதவடியில் நின்று கேட்டார்:

"யாரோட மகன் கதைக்கிற?"

"நூதனசாலையோட உம்மா."

"ஆரு, பொம்பிளப் புள்ளயா?"

சனிக்கிழமை வெள்ளெனவே ராத்தா வீட்டுக்குப் போய்க் கதிரைகளை ஒழுங்குபடுத்தினேன். அந்தப் பக்கம் அவர்களுக்கு இரண்டு, இந்தப் பக்கம் எங்களுக்கு நாலு, நடுவில் மேசை. அடுப்படியிலிருந்து வந்து பார்த்த ராத்தா இடுப்பில் கையை வைத்தார்.

"என்ன இது, வாற விருந்தாளிய பொலிஸ்ல வெச்ச மாதிரி?"

"ராத்தா, இது பேச்சுவார்த்தை."

"பகல் நேரத்தில கொழும்பிலேருந்து வாறவங்கள வெறும் வவுத்தோடயா அனுப்புற? ஊரு என்ன கதைக்கும்? எடு அந்தக் கதிரைகள!"

கதிரைகள் போயின, பாய்கள் வந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எங்கள் வழக்கத்தை நானே மறந்துபோயிருந்தேன். எங்கள் வீடுகளில் விருந்தென்றால் சஹனில்தான். ஒரு பெரிய தட்டத்தில் சோற்றைக் கொட்டிச் சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவது. ஆண்களுக்கு முன்மண்டபத்தில், பெண்களுக்கு உள்ளறையில். மேடம் வேனிலிருந்து இறங்கியதும், ராத்தா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரை விழுந்தது. வெளியே மிஞ்சியது நானா, அண்ணன், நான், அத்தோடு வேனின் சாரதி.

பழகிய பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. யாரிடமாவது அதை இறக்கி வைக்காமல் இருக்க முடியவில்லை. சாரதியிடமே தொடங்கினேன். படைப்பாளியின் சுயமரியாதை, நிறுவனங்களின் பொறுப்பு, கரையோர மக்களுக்கு இழைத்த வரலாற்று வஞ்சனை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர். தன் பக்கம் இருந்த கோழிக் காலை எடுத்து என் முன்னாலேயே வைத்து, "ஹரி மல்லி, ஹரி. கன்ன, கன்ன" என்றார். சாப்பிடு தம்பி என்று அர்த்தம். நான் சாப்பிட்டேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ராத்தா காரியத்தை முடித்துவிடுவார் என்று நம்பினேன். கடைசி இனிப்பாக வட்டிலப்பம் வந்தபோது திரைக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"கேட்டீங்களா?"

"சோத்தில கைய வெச்சிக்கிட்டு இருக்கிறவங்கட்ட எப்புடிடா கேக்கிற? நீ கேளு, நீதான செயலாளர்!"

மேடம் கை கழுவி வந்தார். இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதே இல்லை என்றார். உங்கள் அன்பை மறக்க மாட்டேன் என்றார். கோரிக்கைகள் எல்லாம் நியாயமானவை, மேலே இருப்பவர்களிடம் பேசுகிறேன், இப்போதைக்கு வந்த வேனில் புதுப் படைப்புகளை ஏற்றிவிடலாமே என்றார். கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டார். விருந்தாளி கேட்டதை வாசலில் வைத்து மறுக்கும் வழக்கம் எங்கள் எவருக்கும் இல்லை. அமீர் தன் பலகையைத் தூக்கினார். ராத்தா பாயைச் சுருட்டிக் கொடுத்தார். என் புதுப் படத்தின் ஒரு முனையைச் சாரதி பிடிக்க மறு முனையை நான் பிடித்தேன். அது மட்டுமல்ல, "கவனம், மூலை அடிபடும்" என்றும் சொன்னேன். உலகத்தில் எந்தப் போராட்டக்காரனும் தன் பிடியைத் தானே சுமந்துபோய் எதிராளியின் வேனில் இவ்வளவு பக்குவமாக ஏற்றியிருக்க மாட்டான்.

கதவைச் சாத்தப் போகும்போதுதான் அண்ணனைக் கவனித்தோம். அவர் வேனுக்குள் இருந்தார். தன் புதுச் சொரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தார்.

"எங்க போறீங்க?" என்று மேடம் கேட்டார்.

"மாதாவக் கூட்டிட்டு வர."

"இன்றைக்கு ஏலாது. டிரெக்டர் சொல்லணும். நீங்க இறங்குங்க, நான் போன் பண்றன்."

அண்ணன் அசையவில்லை. நானா சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். ராத்தா அடுப்படியில் மகளுக்கு ஏதோ கத்திச் சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு ஏறினார். அப்போதுதான் ஒன்றியம் ஒன்று நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. செயலாளர் நான் கடைசியாக ஏறினேன். இடம் இல்லாததால் என் படத்துக்கும் கதவுக்கும் நடுவில் குந்திக்கொண்டேன்.

மேடம் சாரதியைப் பார்த்தார். இவர்களை இறக்கு என்று சொல்ல வாயெடுத்திருப்பார்.

"எகட்ட காப்பு மினிஸ்ஸுனே, நோனா" என்றார் சாரதி. சேர்ந்து சாப்பிட்ட மனிதர்களல்லவா என்றுவிட்டு வேனை முடுக்கினார். மேடம் முன்சீட்டில் ஏறி, சிலாபம் தாண்டும் வரைக்கும் போனையே நோண்டிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். வேன் நேராகச் சாமான் இறக்கும் பக்கவாசலுக்குப் போனது. இரண்டாவது கோரிக்கையை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மாதா அதே இடத்தில் நின்றா. பீடத்தோடு சேர்த்து ஆணி முடுக்கியிருந்தார்கள். அண்ணன் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் இருந்தார். நாங்களும் சுற்றி இருந்தோம். மேடம் போனோடு ஓடித் திரிந்தார். அந்த நேரம் வெள்ளைக்காரச் சோடி ஒன்று வந்தது. அட்டையை வாசித்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், திரும்பவும் அட்டையை வாசித்தார்கள். நாங்களும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். அந்த மனுசி படமெடுக்கப் போனை உயர்த்தினார். நூதனசாலைக்குள் எங்களைக் காட்சிப்பொருளாக்குவதை எதிர்த்து அந்த இடத்திலேயே நான் எழும்பிப் பேசியிருக்க வேண்டும். நான் தலைமயிரைச் சரிசெய்துகொண்டேன்.

கடைசியில் மேடம் ஒரு பத்திரத்தோடு வந்தார். டிரெக்டர் இணங்கிவிட்டாராம். திருநாளுக்காகச் சொரூபத்தை நூதனசாலை அண்ணனுக்கு இரவலாகத் தரும். திருநாள் முடிய அவர் திருப்பித் தரவேண்டும். கையெழுத்து வைத்தால் இப்போதே கொண்டுபோகலாம்.

"வைக்கக் கூடாது!" என்று நான் எழும்பினேன். "சொந்தப் பொருளை இரவல் வாங்குறதா? இது அடிப்படைப் பிரச்சின. இதுல விட்டுக்குடுத்தா எல்லாம் போச்சி." அலுமாரிக்கு முன்னால் பழகியது அத்தனையும் இப்போதுதான் தடையில்லாமல் வந்தது. மேடத்தின் முகம் இறுகிக்கொண்டு வருவதைக் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. அவர் பத்திரத்தை மடிக்கத் தொடங்கினார்.

"தம்பி, இரு" என்றார் நானா. "மஷூரா."

அந்த மண்டபத்தின் நடுவிலேயே கேட்டார். நான் கையெழுத்து வேண்டாம் என்றேன். ராத்தா, "கையெழுத்த வைங்க, மாதாவத் தூக்குங்க. கடல்ல போனத்துக்குப் பொறகு யாரு வந்து கேக்கிறண்டு பாப்பம்" என்றார். அண்ணன் சொன்னது ஒரே சொல்: "கொண்டுபோகணும்."

நானா முடிவு சொன்னார்.

"கையெழுத்து வைக்கிற. மாதா போற. ஆனா வேனில இருக்கிற சாமான் ஒண்டும் இங்க இறங்காது. நாலு கோரிக்கைக்கும் பதில் வாற வரைக்கும் அது எங்கட வீட்டில இருக்கும்."

அதாவது என் படமும் வெளிநாடு போகாது. என் படம் வெளிநாடு போவதை நான் அப்போது ஓவிய ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தில் அதிபர் முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தேன். இந்த ஒருவனை மட்டும் விட்டுவிடலாமே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று எல்லோர் முகத்தையும் பார்த்தேன். மேடமே அதைச் சொன்னார்: "தம்பிட பெயின்டிங்க மட்டுமாவது வைக்கலாமே. அவர் ட்ரெய்ன்ட் ஆர்ட்டிஸ்ட்."

அந்த வார்த்தையைத் திறப்பு விழா நாளிலிருந்து அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தவன் நான். ஆனால் அமீர் முடிவு சொன்னபின் முணுமுணுக்கக் கூடாது. "இறங்காது" என்றேன். உறுதியாகச் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குரல் உடைந்தது என்று ராத்தா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

ஆணிகளைச் சாரதிதான் கழற்றினார். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நானாவும் நானும் நடையோரத்தில் தொழுதோம். அண்ணன் தன் சேட்டைக் கழற்றி மாதாவைச் சுற்றி, குழந்தையைப் போல வேனில் ஏற்றினார். அதே வேனில் ஊருக்கு வந்தோம். வழியில் எல்லோரும் தூங்கினார்கள். நான் வெளிநாடு போகாத என் படத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு விழித்திருந்தேன்.

பிறகு நூதனசாலை இரண்டு கோரிக்கைகளுக்கு ஓம் என்றது. ஒன்றைப் பரிசீலிக்கிறோம் என்றது, இன்றுவரை பரிசீலிக்கிறது. மற்றதைப் பற்றிப் பேச்சே இல்லை. அட்டைகளில் பெயர் வந்தது உண்மை. கொழும்புக்குப் போய்ப் பார்த்த மச்சான் படம் எடுத்து அனுப்பினான். வாப்பாவுக்குக் காட்டினேன். எழுத்து வாசிக்கத் தெரியாதவர், அட்டையைப் பார்க்காமல் தான் குனிந்து நிற்கும் படத்தையே பார்த்தார். "முதுகு இவ்வளவு வளஞ்சா போச்சி?" என்றார்.

திருநாளுக்கு அண்ணன் எங்கள் மூவரையும் கூப்பிட்டிருந்தார். காலை வெயிலில் கரை முழுக்கச் சனம். பீடத்தில் ஆணி போட்ட துளைகளை அண்ணன் மெழுகால் அடைத்து நீலம் பூசியிருந்தார். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், மாதாவை வைத்து, அடியை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய இடம் அதுதான் என்பதில் அங்கே எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

யாரோ என்னைப் பிடித்து ஒலிபெருக்கியின் முன் நிறுத்தினார்கள். மாதாவைக் கொழும்பிலிருந்து மீட்டுவந்த சங்கத்தின் செயலாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். இரண்டு வார்த்தை எனக்கு எப்போது போதியிருக்கிறது? படைப்பாளியின் சுயமரியாதையிலிருந்து தொடங்கினேன். முதலாவது கோரிக்கையை முடிக்குமுன் ஒரு வள்ளத்தின் இயந்திரம் முழங்கியது. பிறகு எல்லா வள்ளங்களும். சனம் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடியது. ராத்தாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார், நானாவும் போனார்.

நான் மட்டும் ஒலிபெருக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். அலைக்கு மேலே அண்ணனின் வெள்ளைச் சேட்டும் அவர் பிடித்திருந்த நீலமும் சின்னதாகிக்கொண்டு போயின. இன்னும் மூன்று கோரிக்கைகள் மிச்சமிருந்தன. ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு நானும் தண்ணீரடிக்கு ஓடினேன்.